வெறுந்தட்டு: மலையக வாட்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றில், பெண்கள் மருத்துவ வாட்டில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். நோயாளி, அவருடைய மகள், சுகாதார உதவியாளர் ஆகிய மூவரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயரோ தோட்டமோ கிடையாது. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் பிழைகளில் ஒன்று என்னுடையது. அதை மட்டும் நடந்தபடியே வைத்திருக்கிறேன்.

பின்னணி

நோயாளிக்கு 67 வயது. 35 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் கைக்காசுக்குப் போவார். ஜூலை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், வலது காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டார். பத்து வருடமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். கால் முழங்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகுதான் மகள் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தார். அப்போது இரத்தச் சீனி 312. புண்ணுக்கு நரம்பு வழியாக மருந்து தொடங்கினார்கள். சீனி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின் எழுதினார்கள். பிரஷருக்கு அவர் வழக்கமாகக் குடிக்கும் அத்தெனலோல் தொடர்ந்தது. இந்த மாத்திரை பின்னால் முக்கியமாகிறது.

எங்கள் வாட்டில் 32 கட்டில்கள். அந்தக் கிழமை 41 பேர் இருந்தார்கள். இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை இரண்டு தாதியர், இரண்டு உதவியாளர்கள். உதவியாளர்களில் ஒருவர் எந்நேரமும் லேப்புக்கோ எக்ஸ்ரேக்கோ ஓடிக்கொண்டிருப்பார்.

உதவியாளர் என்ற சொல்லை விட ‘அட்டெண்டன்’ என்ற சொல்தான் வாட்டில் புழங்குகிறது. பெட்பான் வைப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது, ஒட்சிசன் சிலிண்டர் தள்ளுவது, இரத்தம் கொண்டுபோவது, சாப்பாடு பகிர்வது, தட்டு எடுப்பது, தரை துடைப்பது, இறந்தவரைச் சவச்சாலைக்குக் கொண்டுசெல்வது எல்லாம் அவர்கள் வேலை. நோயாளியின் உடம்பைத் தொட்டபடி அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் டிக்கட்டில், அதாவது நோயாளியின் பதிவேட்டில், அவர்கள் எழுதுவதற்கு இடமில்லை.

இந்த நிகழ்வின் உதவியாளருக்கு 26 வயது. தோட்டத்துப் பிள்ளை, தாய் இன்றும் மலைக்குப் போகிறார். தாதியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அவர் படித்த பாடசாலையில் கலைப்பிரிவு மட்டுந்தான் இருந்தது. வேலைக்கு வந்து 14 மாதமாகியிருந்தது. விலகிக் கொழும்பில் துணிக்கடை ஒன்றுக்குப் போவதற்காகக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. எங்கள் வாட்டிலோ டிக்கட் ஆங்கிலம், பேச்சு சிங்களம், நோயாளிகளில் பாதிக்கு மேல் தமிழ். அந்த நேரம் தமிழ் பேசத் தெரிந்த தாதியர் என்னோடு சேர்த்து இரண்டு பேர். எங்கள் முறை இல்லாத நேரத்தில் நோயாளி சொல்வதை மொழிபெயர்ப்பது இந்த உதவியாளர்தான். அது யாரும் அவருக்குக் கொடுத்த வேலையல்ல. “நங்கி, மெஹாட என்ன” (தங்கச்சி, இங்கே வா) என்று சிங்களத்தில் கூப்பிட்டால், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வருவார்.

முதல் மூன்று நாட்கள்

நோயாளி யாருக்கும் தொல்லை கொடுக்காதவர். எதைக் கேட்டாலும் “ஹரி மிஸ்” (சரி மிஸ்) என்பார். சிங்களத்தில் அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்தான் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. சாப்பிட்டீர்களா? ஹரி மிஸ். வலி குறைந்ததா? ஹரி மிஸ். டிக்கட்டில் மூன்று நாளும் சாப்பாடு நன்றாக எடுக்கிறார் என்றுதான் எழுதப்பட்டது. மாலைத் தட்டும் காலியாகத்தான் திரும்பியது.

தட்டு எடுத்தவருக்கு மட்டும் வேறொன்று தெரியும். மாலைச் சாப்பாடு வருவது ஐந்தரை மணிக்கு, பார்வையாளர் நேரத்தில். மகளோடு ஒரு பேரன் வருவான், பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் மாறி, மழையில் நனைந்து வருகிற பிள்ளை. பாட்டி தட்டை அப்படியே அவன் பக்கம் தள்ளிவிடுவார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உதவியாளர் இதைப் பார்த்திருக்கிறார். ஆறு மணிக்குப் பிறகு பாட்டி தண்ணீரும் குடிப்பதில்லை என்பதையும், தான் நிரப்பி வைத்த போத்தல் காலையில் குறையாமல் இருந்ததை வைத்துக் கவனித்திருக்கிறார்.

மூன்றாம் நாள் மாலை அவர் என்னிடம் வந்து, “மிஸ், ஆறாம் கட்டில் அம்மாயி சரியா சாப்புடுறதில்ல” என்றார். என் கையில் மருந்து ட்ரொலி. முன்னால் மூச்சுத்திணறலோடு வந்து சேர்ந்த ஒருவர். “டிக்கட்டுல சாப்பிட்டதாத்தான இருக்கு தங்கச்சி, பிறகு பார்ப்பம்” என்றேன். அந்தப் ‘பிறகு’ அன்று வரவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டபோது, சில மாதங்களுக்கு முன் இப்படி ஒன்றைச் சொல்லப்போய் “உனக்கு ஏன் அந்த வேலை” என்று ஒருவரிடம் ஏச்சு வாங்கியதைச் சொன்னார். அவரைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் இரவு

மாலையில் பார்த்தபோது சீனி 168. எழுதியபடி இன்சுலின் போடப்பட்டது. தட்டு காலியாகத் திரும்பியது. பத்து மணிக்கு நோயாளி உறக்கம்.

அதிகாலை 2.40க்கு உதவியாளர் என்னிடம் ஓடி வந்தார். பக்கத்துக் கட்டிலுக்குப் பெட்பான் வைத்துவிட்டுத் திரும்பும்போது, பாட்டியின் போர்வை விலகிக் கிடந்ததைப் பார்த்து இழுத்துவிட்டிருக்கிறார். கை ஈரத்தில் பட்டிருக்கிறது.

“மிஸ், இந்தக் குளிர்ல அம்மாயிக்கு முதுகெல்லாம் தண்ணியா ஊத்துது. கூப்புட்டா மொனங்குறாங்க. ஒடனே வாங்க.”

அன்றிரவு நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நின்றோம். அந்தக் குளிரில் ஒருவருக்கு வியர்க்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். விரலில் குத்திச் சீனி பார்த்தேன்: 41, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. பெயரைச் சொன்னால் கண் திறந்தார், ஆனால் என்னைத் தன் மகளாக நினைத்து ஏதோ சொன்னார். விழுங்கக் கொடுப்பது ஆபத்து. மற்றத் தாதி டொக்டரை அழைக்க, கையில் ஏற்கனவே இருந்த ஊசிவழியாக 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சீனிக்கரைசல் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து 124. எழுந்து உட்கார்ந்து, “எல்லாரும் ஏன் நிக்கிறீங்க?” என்று கேட்டார். உதவியாளர் சீனி போட்ட தேத்தண்ணியும் நான்கு பிஸ்கட்டும் கொண்டுவந்து, அவர் தின்று முடிக்கும் வரை கட்டிலோரத்தில் நின்றார். காலை வரை மணிக்கு ஒரு தடவை சீனி பார்த்தோம். மீண்டும் இறங்கவில்லை.

இதில் மருத்துவ ரீதியாக இரண்டு விடயங்கள் உண்டு. 30/70 கலவையில் பெரும்பங்கு மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். போட்டு நான்கு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். மாலை ஐந்தரைக்குப் போட்டதன் வேகம் நள்ளிரவைச் சுற்றித்தான் தெரியும், சாப்பிடாத வயிற்றில் அது சீனியை இன்னும் கீழே இழுக்கும். இரண்டாவது, சீனி இறங்கும்போது வழக்கமாக வரும் கைநடுக்கத்தையும் படபடப்பையும் அத்தெனலோல் போன்ற மாத்திரைகள் மறைத்துவிடும். வியர்வையை அவை மறைப்பதில்லை. அன்றிரவு வெளியே தெரிந்த ஒரே அடையாளம் அந்த வியர்வைதான், அதைத் தொட்டறிந்த கை உதவியாளருடையது.

காலையில் பேசியது

ஏழு மணிக்கு வாட்டுக்குப் பொறுப்பான தாதி, வாட் சிஸ்டர், வந்தார். சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர். முழுவதையும் கேட்டுவிட்டு, யார் பிழை என்பதை மாலையில் பேசலாம், யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை இப்போதே சொல்லுங்கள் என்றார். அந்தக் கேள்வியின் வரிசை சரி என்று இன்றும் நினைக்கிறேன். பிழையை முதலில் கேட்டிருந்தால், தட்டைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

உதவியாளர் பேரனைப் பற்றிச் சொன்னார், தண்ணீர்ப் போத்தலைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் நாள் அவர் என்னிடம் சொன்னதை நான் சொன்னேன். அதை அவர் சொல்லாமல் விழுங்கிவிடுவார் என்று தெரிந்ததால் நானே முந்திக்கொண்டேன்.

சாப்பாட்டைக் கொடுத்தது பேரன் மேலுள்ள பாசம், அது விளங்கியது. தண்ணீர் ஏன் குடிக்கவில்லை? சிஸ்டர் உதவியாளரைப் பாட்டியிடம் அனுப்பினார். அவர் கட்டிலில் உட்கார்ந்து, தலையை வாரிவிட்டபடி பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். கக்கூஸ் வாட்டின் மறுகோடியில் இருக்கிறது, இரவில் தரை ஈரம், கால் ஊன்ற முடியவில்லை. பெட்பான் கேட்கலாம், ஆனால் எந்த மொழியில் கேட்பது? முதல் இரவு கையைக் காட்டிக் கேட்டபோது வேறொருவர் அலுத்துக்கொண்டு வைத்தாராம். அதன் பிறகு பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

“எங்கம்மாவும் இப்புடித்தான் மிஸ்” என்றார் உதவியாளர். “மலையில கக்கூசு எங்க இருக்கு? காலையில பெரட்டுக்குப் போறப்ப ஒரு பிளேன்ட்டி. அதுக்குப் பெறகு தண்ணிய அளந்து அளந்துதான் குடிப்பாங்க. ஒண்ணுக்கு வராம இருக்க ஒடம்பப் பழக்கி வச்சிருக்காங்க.”

நானும் மலையகத்தில் பிறந்தவள்தான். ஆனால் என் தகப்பன் ஆசிரியர், நாங்கள் இருந்தது டவுனில். 35 வருடம் மலையில் நின்ற ஒரு பெண் தாகத்தை எப்படிக் கையாள்வாள் என்பது எனக்குப் பாடமாகவும் வரவில்லை, அனுபவமாகவும் வரவில்லை. உதவியாளருக்கு அது வீட்டில் தெரிந்த விடயம். அன்று காலை அவர் சொன்னது ஒரு நோயறிதலுக்குச் சமம். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கிரியற்றினின், சேர்ந்த நாளில் 1.1 ஆக இருந்தது, அன்று 1.6. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அந்த நிறைந்த போத்தலுக்கும் இரவு 2.40க்கும் இடையில் நேரடியான தொடர்பு இருந்தது.

ரவுண்டுக்கு வந்த வைத்திய நிபுணர் உதவியாளரைக் கூப்பிட்டு, கட்டிலருகே வைத்தே அவர் பார்த்ததைக் கேட்டார். சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னார். டொக்டர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் பயிற்சி டொக்டரிடம் மாலை இன்சுலின் அளவைக் குறைத்து எழுதச் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோயாளியைப் பொறுத்தவரை முடிவுகள் எளியவை. கக்கூசுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினோம். இரவில் கட்டிலோரம் கொமட் கதிரை. சாப்பாடு பக்கத்தில் வந்து, பார்வையாளர் போன பிறகே மாலை ஊசி. எட்டரை மணிக்குப் பாலும் பிஸ்கட்டும். பேரனுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மகளிடம் விளக்கினோம். மறுநாளிலிருந்து பிள்ளைக்கு ரொட்டி கட்டிக்கொண்டு வந்தார், பாட்டியும் பேரனும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

வாட்டைப் பொறுத்தவரை எடுத்த முடிவுதான் கடினமானது. தட்டு எடுப்பவர் பார்த்தது, ஊசி போடுபவரிடம் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். வாய்மொழி போதாது என்பதை என் ‘பிறகு’வே காட்டிவிட்டது. ஒரு சாதாரணக் கொப்பி வைத்தோம். கட்டில் இலக்கத்துக்கு எதிரே வட்டம்: முழுதாகச் சாப்பிட்டால் நிரப்பிய வட்டம், பாதி என்றால் பாதி, இல்லையென்றால் வெறும் வட்டம். வேறு யாராவது சாப்பிட்டிருந்தால் குறுக்கே ஒரு கோடு. எந்த மொழியிலும் எழுதத் தேவையில்லை, அரை நிமிட வேலை. இன்சுலின் போடும் தாதி அதைப் பார்த்துவிட்டே போட வேண்டும். இரவு ஏழு மணிக்கு நாங்கள் ஒப்படைக்கும்போது முதல் ஐந்து நிமிடம் உதவியாளர்களும் நிற்க வேண்டும், அவர்கள் சொல்வதை முதலில் கேட்க வேண்டும்.

எதிர்ப்பு வந்தது. அட்டெண்டன் சொல்லித்தான் மருந்து கொடுக்கணுமா என்று ஒரு தாதி கேட்டார், சிஸ்டர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. ஆனால் 22 வருடம் வேலை செய்த மூத்த உதவியாளர் சொன்னது வேறு வகை. அவர் சிங்களப் பெண், எல்லோருக்கும் ‘அக்கே’. “நாளைக்கு ஏதாவது நடந்தால், கொப்பியில் வட்டம் போட்டது நீதானே என்று எங்கள் தலையில் கட்டமாட்டீர்களா?” என்றார். நியாயமான பயம். கீழ்மட்ட ஊழியரிடம் புதிதாக ஒரு கடதாசி நீட்டப்படும்போது அது பாதுகாப்பாக இருந்ததை விடப் பொறியாக இருந்ததே அதிகம் என்பது அவர் கண்ட உலகம். பேசி முடித்தபின் சிஸ்டர் கொப்பியின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்: இது தகவலுக்கு மட்டும், மருந்தின் பொறுப்பு தாதியினுடையது. அக்கே அதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார்.

பின்னர் நடந்தது

பாட்டி 12ஆம் நாள் வீட்டுக்குப் போனார். மீண்டும் சீனி இறங்கவில்லை, கிரியற்றினின் பழைய நிலைக்குத் திரும்பியது, கால் வீக்கம் வற்றியது. மாத்திரைக்கு மாற்றி அனுப்பினார்கள். போகும்போது உதவியாளரின் கன்னத்தைத் தடவி, “ஏன் புள்ள, நீ இல்லாட்டி நான் போயிருப்பேனா?” என்று கேட்டார். உதவியாளர் பதில் சொல்லவில்லை, செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டார்.

கொப்பி இன்னொரு தடவை எங்களைக் காப்பாற்றியது. பாரிசவாதத்தால் வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று வேளை தொடர்ந்து பாதி வட்டம். அக்கேதான் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கன்னத்துக்குள் சோறு அப்படியே இருந்தது. விழுங்கும் திறனைச் சோதித்து, சாப்பாட்டு முறையை மாற்றினோம். நெஞ்சுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லா நாளும் அப்படி இல்லை. டிசம்பர் விடுமுறையில் ஆள் குறைந்தபோது ஒன்பது நாள் கொப்பி வெறுமையாகக் கிடந்தது. யாரும் கேட்கவுமில்லை. சிஸ்டர் திரும்பி வந்து ஒப்படைக்கும் நேரத்தில் கொப்பியை மேசையில் வைத்தபோதுதான் மறுபடி தொடங்கியது.

உதவியாளர் போகவில்லை. கடிதத்தைப் பற்றி இரண்டு மாதம் கழித்து, ஓர் இரவில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “முந்தி வேல முடிஞ்சா தரை சுத்தமா இருக்கும், அம்புட்டுத்தான். இப்ப காலையில வந்ததும் ‘நைட்டு ஆறாம் கட்டில் எப்புடி’ன்னு கேக்குறீங்க. கேட்டா சொல்லணுமில்ல மிஸ், அதுக்காகவே பாக்குறேன்” என்றார். அக்கே அவருக்குச் சிங்களம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார். இவர் அக்கேக்குத் தமிழில் “எங்க வலிக்குது, காட்டுங்க” சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இதை வாசிக்கும் நிர்வாகிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய சம்பளம் மாறவில்லை, வீட்டில் கடன் இருக்கிறது. வேலையில் அர்த்தம் கண்டுகொண்டார் என்பதைக் காட்டிச் சம்பளப் பேச்சைத் தள்ளிப்போடுவது அநியாயம்.

மீண்டும் நடந்தால் மாற்றுவது

நான் மாற்றிக்கொண்டது: உதவியாளர் ஒன்றைச் சொன்னால், பதில் சொல்வதற்கு முன் கட்டிலைப் போய்ப் பார்ப்பேன். இரண்டு நிமிடம் போகும். மூச்சுத்திணறல் நோயாளி இருந்தால் மற்றத் தாதியை அனுப்புவேன். “பிறகு” என்று சொல்வதில்லை.

கேள்வி கேட்கும் முறையும் மாற வேண்டும். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் “ஹரி”தான் பதில். “என்ன கறி வந்துச்சு? எவ்வளவு மிச்சம்?” என்று கேட்டால் மறைக்க முடியாது. இதைச் சிங்களத் தாதியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பலர் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பு விடயத்தில் நாங்கள் இன்னும் சரியான இடத்துக்கு வரவில்லை. ஒரு நாளில் பத்துத் தடவை கூப்பிடப்பட்டால் அவருடைய தரை துடைக்கும் வேலை பிந்துகிறது, அதற்கு ஏச்சு வேறு விழுகிறது. ரோஸ்டரில் அது வேலையாக எழுதப்பட வேண்டும். இன்னொன்று, அதைவிட நுட்பமானது. ஒரே தோட்டத்துப் பிள்ளை முன்னால் ஒரு பெண் தன் உதிரப்போக்கையோ, வீட்டில் வாங்கிய அடியையோ சொல்லத் தயங்குவாள். அப்படி ஒருவர் பிறகு எனக்குத் தெரிய வந்தார். இப்போது, இந்தப் பிள்ளை கூட இருக்கலாமா என்று நோயாளியிடம் முதலில் தனியாகக் கேட்கிறோம். வேண்டாம் என்றால் எங்கள் இருவரில் ஒருவர் முறைக்கு வரும் வரை, அவசரமில்லாத கேள்விகளைத் தள்ளிவைக்கிறோம்.

மாலைச் சாப்பாடு இன்னும் ஐந்தரைக்கே வருகிறது. சமையலறை நேரத்தை மாற்ற எங்களால் முடியவில்லை. எட்டரை மணிப் பால் மட்டும் இன்சுலின் போடும் எல்லோருக்கும் வருகிறது. கக்கூஸ் அதே மறுகோடியில்தான். வாட்டுக்கு இருப்பது ஒரே ஒரு கொமட் கதிரை. இரண்டாவதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வரும் வரை, இரவு ஒன்பது மணிக்கு உதவியாளர்கள் கட்டில் கட்டிலாகப் போய், கேட்காதவர்களிடமும் கேட்கிறார்கள்.